திருத்தப்படாத பன்னிரண்டு பேர்

மேடையில் அமர்ந்திருக்கும் வகுப்புக் குழுத் தலைவர் கில்பர்ட் அவர்களே, மறைந்த பேராசிரியரின் துணைவியார் டோரீன் அம்மா அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் டாக்டர் நிருபமா அவர்களே, எனக்கு எதிரே அமர்ந்து அழுதுகொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பின் மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் ஆஞ்சலா. பேராசிரியர் கிளெமென்ட் அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதி எடுத்துவந்திருக்கிறேன். நான் படியேறும்போது கில்பர்ட் அண்ணன், "நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டு எறங்கிடும்மா, ஆறு மணிக்கு ஹால விடணும்" என்றார். நல்ல வார்த்தைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை உண்மையும்கூட.

யார் இந்த கிளெமென்ட்? முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே நாற்பது ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியவர். ஜோகுபாளையத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளி, பொம்மனஹள்ளியில் ஒரு கன்னடவழிப் பள்ளி, சிவாஜிநகரில் ஓர் உருதுவழிப் பள்ளி. எங்கே போனாலும் அதே நாற்பது சொற்களைச் சொல்வார். பிள்ளைகள் எழுதுவார்கள். தாள்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஆறாயிரம் தாள்கள்! தப்பும் தவறுமான தாளைப் பார்த்தால் மற்ற ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். கிளெமென்ட் சாருக்குப் பசி வரும்.

அந்தத் தாள்களில் அவர் என்ன கண்டார்? பிள்ளைகள் ஆங்கிலத்தைத் தப்பாக எழுதவில்லை, தங்கள் எழுத்தின் பழக்கத்தில் எழுதுகிறார்கள் என்று கண்டார். பேனாவுக்கும் பஸ்ஸுக்கும் தமிழில் ஒரே 'ப'தான். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. தமிழ்வழிப் பிள்ளையின் கை அங்கே தடுமாறுகிறது. பேப்பர் என்று எழுதும்போது நடுவில் ஒற்று வைத்து இரட்டிக்கிறோம் இல்லையா? அதே கை ஆங்கிலத்திலும் அந்த எழுத்தை இரண்டு முறை போடுகிறது. உருதுவில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதில் படித்த பிள்ளை ஆங்கிலத்திலும் அவற்றை விட்டுவிடுகிறது. கன்னடத்தில் எழுதியதெல்லாம் ஒலிக்கும். அதில் படித்த பிள்ளை, ஒலிக்காத ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும் என்று நம்புவதே இல்லை.

சிவாஜிநகர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியை ஒரு சிறுமியின் தாளைத் தூக்கிக் காட்டி, "பாருங்க சார், கோழி கிளறின மாதிரி" என்றார். வகுப்பே சிரித்தது. சார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இந்தப் பொண்ணு ஒண்ணும் மறக்கல. அவங்க எழுத்துல எத எழுதமாட்டாங்களோ அத இங்கயும் எழுதல. பேஜாரே இல்ல, ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம்." அன்று நானும் கூட இருந்தேன். சிறுமி அவர் முகத்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இந்த மனிதரோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்யலாம் என்று அப்போது நினைத்தேன்.

ரெண்டு மாசத்துல சரி பண்ணிடலாம். இது அவருக்குத் தெரியும். எப்படிச் சரி பண்ணுவது என்றும் தெரியும். இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மேலே நான் சொல்லப்போவதைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வார்த்தை முடிந்தது, கில்பர்ட் அண்ணா. இனி மற்றது.

மூன்றரை ஆண்டுகளுக்கு முன் இதே ஹாலில் வகுப்பு தொடங்கினோம். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு. தமிழ்வழியில் படித்துவிட்டு வேலை பார்க்கும் இருபத்துநான்கு பேர் சேர்ந்தீர்கள். வலப்பக்கம் பன்னிரண்டு பேர், இடப்பக்கம் பன்னிரண்டு பேர். ஒரே பாடம், ஒரே சொற்கள், ஒரே டீ. வலப்பக்க நோட்டுகளை நான் சிவப்பு மையால் திருத்துவேன். இடப்பக்க நோட்டுகளைச் சார் தாமே பார்ப்பார். பச்சை மை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு டிக், பக்கத்தில் 'குட்'. இடப்பக்கத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கேலி செய்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "அந்தப் பக்கம் எல்லாம் மக்கு பசங்கப்பா, ஒரே செவப்பா கீது." சாரும் சேர்ந்து சிரிப்பார்.

ஏன் அப்படி?

தமிழ் எழுத்தின் பழக்கம் ஆங்கிலம் எழுத எழுதத் தானாகவே விட்டுப்போகுமா, யாராவது திருத்தினால்தான் போகுமா? இதுதான் அவர் அறிய விரும்பியது. அதை அறியவேண்டுமானால் பாதிப்பேரைத் திருத்தாமல் விடவேண்டும். விட்டோம். இடப்பக்க நோட்டில் நான் கை வைக்கக் கூடாது. "ஒரு சொட்டு இங்க் பட்டாலும் டேட்டா போச்சு ஆஞ்சலா" என்பார். ஒரு வருடம் என்றுதான் ஆரம்பத்தில் பேச்சு. அப்புறம் ஒன்றரை ஆயிற்று. அப்புறம் முப்பது மாதம். "ஸ்டடி முடிஞ்சதும் இவங்களுக்கும் உக்காந்து சொல்லிக் குடுத்துடலாம்" என்றார். முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் உயிரோடு இருந்தார். சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்தது என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும் என்றார்.

என்ன கண்டுபிடித்தோம்? திருத்தாவிட்டால் மாறாது என்று கண்டுபிடித்தோம். இதை அறிய உங்கள் பன்னிரண்டு பேருடைய முப்பது மாதம் தேவைப்பட்டது!

உங்களிடம் சொல்லவில்லையா? சொன்னோம். முதல் ஞாயிறன்று எல்லோரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் எல்லாம் விவரமாக எழுதியிருந்தது. ஆங்கிலத்தில்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டீர்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அழுவதற்கு இன்னும் இருக்கிறது.

எல்லம்மா இன்று வரவில்லை. ஜோகுபாளையத்தில் இருப்பவர், இடப்பக்க முதல் பெஞ்சுக்காரர், உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு. ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகளாக வார்டு ஆயா. அங்கே ரெக்கார்டு ரூமில் கிளார்க் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. உட்கார்ந்து செய்யும் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளேயே ஒரு பரீட்சை வைப்பார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பார், கேட்டு எழுதவேண்டும். நாற்பது வயது வரைதான் எழுதலாம். அதற்காகவே இந்த வகுப்பில் சேர்ந்தார். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

முதல் பரீட்சையில் ஃபெயில். இரண்டாவதும் ஃபெயில். ஒவ்வொரு முறையும் வந்து எல்லோர் முன்னாலும் சொல்வார். "சார், மறுபடியும் ஊத்திக்கிச்சு சார். பேப்பர் திருத்தறவங்களுக்குத்தான் இங்கிலீஷ் வராது போல."

"அப்டித்தான் இருக்கும் எல்லம்மா. நீ பாட்டுக்கு எழுதிட்டே இரு" என்பார் சார். பச்சை டிக். குட்.

நான்காவது முறையும் ஃபெயில் ஆனபோது, நோட்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு நேரே அதிகாரியிடம் போய்விட்டார். "நாலு வாட்டி ஃபெயில் பண்ணிட்டீங்க மேடம். இத பாருங்க. எல்லா பக்கத்துலயும் குட். எங்க சார் பெரிய புரொபசர்."

அந்த அம்மாள் நோட்டைப் புரட்டியிருக்கிறார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இல்லி நோட்ரீ" என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இருவரும் சிரித்திருக்கிறார்கள். "யாரம்மா உங்க மேஷ்ட்ரு? இதுக்கு குட்டா? உன்ன வச்சு மஜா பண்றாரு."

"எங்க சார பத்தி மரியாதயா பேசுங்க. உங்க பேப்பர் திருத்தறவங்கதான் சரியில்ல."

அடுத்த வாரம் அவரை வார்டிலிருந்து எடுத்துத் துணி துவைக்கும் பிரிவில் போட்டார்கள். இதையும் அவர் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார். சாருக்காகச் சண்டை போட்ட பெருமையில் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். சார் முகம் மலர்ந்தது. வகுப்பு முடிந்ததும் என்னிடம், "பாத்தியா ஆஞ்சலா? கான்ஃபிடன்ஸ் கொஞ்சங்கூட எறங்கல. குறிச்சுக்கோ" என்றார்.

குறித்துக்கொண்டேன். எங்கள் கட்டுரையில் ஆறாம் பக்கத்தில் அது ஒரு வாக்கியமாக இருக்கிறது. 'திருத்தப்படாத கற்பவர் தம் திறன்மீது கொண்ட நம்பிக்கை, தொடர்ந்த தோல்விக்குப் பின்னும் குறையவில்லை.' அந்த வாக்கியத்தை எழுதியது நான். கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது. அது அச்சாகி வந்தபோது சார் எல்லம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்து, "இதுல நீயும் இருக்க" என்றார். அவர் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

அண்ணா, உட்காருங்கள். முடிக்காமல் இறங்கமாட்டேன். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கேட்கிறீர்கள். உயிரோடு இருப்பவளைப் பற்றியும் பேசுகிறேன், பொறுங்கள்.

யார் எந்தப் பக்கம் என்று எப்படி முடிவானது? இருபத்துநான்கு பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டோம். முதலில் வரும் பன்னிரண்டு வலப்பக்கம், மீதி இடப்பக்கம். சீட்டு எடுத்தது நான். சார் டீ குடிக்க வெளியே போயிருந்தார். மூன்றாவது சீட்டு எல்லம்மா. பதினான்காவது டீனா.

டீனா என் பெரியம்மா மகள். அதோ, வலப்பக்கம் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு வேலை இல்லை. இடப்பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஹாலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான். சீட்டை மாற்றினேன். யாரும் பார்க்கவில்லை. டீனா இன்று இந்திராநகரில் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். டீனாக்கா, இது உனக்கு இப்போதுதான் தெரிகிறது. என்னைப் பார்க்காதே, நான் வாசித்து முடிக்கவேண்டும்.

ஆறு மாதம் கழித்து மனசு கேட்காமல் சாரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார், எல்லம்மாவை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு பேரின் முதல்நாள் தாள்களையும் எடுத்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே லெவல்தான். பரவால்ல, ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! அந்த நிம்மதியோடு இன்னும் மூன்று வருடம் வேலை பார்த்தேன்.

சார் இறந்த மூன்றாம் நாள் கில்பர்ட் அண்ணன் இந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை அனுப்பினார். இடப்பக்க மாணவர்களின் நோட்டுகள் நூற்று முப்பத்திரண்டையும் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைத்தல். பெற்றுக்கொள்பவர் டாக்டர் நிருபமா. ஒப்படைப்பவர் ஆஞ்சலா. நோட்டுகளைச் சார் பிறகு உங்களிடமிருந்து வாங்கித் தம் அலமாரியில் வைத்திருந்தார். சாவி என்னிடம் இருந்தது. எல்லம்மாவின் பதினோரு நோட்டையும் எடுத்துவந்து நான்கு நாள் உட்கார்ந்து திருத்தினேன். சிவப்பு மையில். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. இரண்டாம் நோட்டிலேயே தெரிந்துவிட்டது. நான்கே நான்கு பழக்கங்கள்தான். அவை நான்கும் எங்கள் கட்டுரையிலேயே இருக்கின்றன. நான்கு ஞாயிறு போதும், எடுத்துச் சொல்லியிருந்தால்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நோட்டுகளைக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்தார்.

"இன்னா இது, ரத்தக்களறியா கீது? யார் நோட்டு?"

"உங்களுதுதான்க்கா."

புரட்டினார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பச்சை டிக்கைத் தேடினார். அது அடியில் அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே எல்லாம் சிவப்பு.

"இவ்ளோவா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு மாற்றியதையும் சொன்னேன். அவர் மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டார். நாலைந்து காய் உரித்தார்.

"டீனா எடத்துல நானா?"

"ஆமாக்கா."

"அவ நல்லா கீறாளா?"

"இருக்காக்கா."

"செத்தவன்கிட்ட இன்னா கேக்கறது. நீ உயிரோடதான கீற, உன்ன கேக்கறேன். பக்கம் பக்கமா என் நோட்ட பாத்த இல்ல? உனுக்கு சிரிப்பு வர்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சில நாள் வந்துச்சுக்கா" என்றேன்.

தலையை ஆட்டினார். மருத்துவமனைக்காரர்கள் சிரித்ததற்குச் சண்டை போட்டவர், என்னிடம் சண்டை போடவில்லை. அவருக்குப் போன மாதம் நாற்பது முடிந்துவிட்டது. ஐந்தாவது பரீட்சையும் ஆறாவதும் போய்விட்டன. இனி அந்த வேலைக்கு அவர் எழுத முடியாது. என் பதினோரு நோட்டுச் சிவப்பு மையும் அவருக்கு எதற்கு? இது எனக்குத் தெரிந்துதான் திருத்தினேன். திருத்தியது அவருக்காகவா எனக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"மேடைல பேசுவ இல்ல, சொல்லு. எல்லம்மான்னு என் பேர சொல்லு. அந்தப் பேப்பர்ல நம்பர்தான் போட்டு கீது, நம்பர் சொல்லாத. அப்புறம், க்ளாசு வைக்கிறேன் வாக்கான்னு வந்து நிக்காத. உன்கிட்ட நான் கத்துக்கமாட்டேன்."

சொல்லிவிட்டேன், எல்லம்மாக்கா.

டோரீன் அம்மா, முந்தாநாள் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பதாம் நாள் பூசை வரைக்குமாவது வாய மூடிட்டு இரும்மா ஆஞ்சி. அவருக்கு ஒரு அமைதி வேணாமா?" என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டில் எத்தனையோ ஞாயிறு சாப்பிட்டவள் நான். காத்திருந்திருப்பேன். ஆனால் நோட்டுகள் இன்று போகின்றன அம்மா. போய்விட்டால் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அனுமதி வாங்கித்தான் பார்க்கமுடியும். எழுதியவர்கள் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள்.

டாக்டர் நிருபமா அவர்களே, சற்று முன் பேசும்போது அந்த நோட்டுகளைப் பொக்கிஷம் என்றீர்கள். இவ்வளவு நீண்ட காலம் திருத்தப்படாத எழுத்து வேறு எங்கும் கிடைக்காது என்றீர்கள். உண்மைதான். வேறு யாரும் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள். பதினோரு நோட்டுகளில் மை பட்டுவிட்டது, அவை உங்களுக்குப் பயன்படாது. மீதி நூற்று இருபத்தொன்றையும் உங்களிடம் ஒப்படைக்கப்போவதில்லை. என்மீது புகார் எழுதுங்கள். கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி நானே எழுதிவிட்டேன்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லவேண்டிய இடம் இது. சொல்கிறேன். கிளெமென்ட் சார் கண்டது பொய்யல்ல. நம் எழுத்து நம் கையை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்று அவர் கண்டார். எல்லோரையும்விடத் தெளிவாகக் கண்டார். கண்டதை யாருக்குச் சொல்லவேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொல்வேன். வருகிற ஞாயிறு நான்கு மணிக்கு இதே ஹாலில். ஹால் தராவிட்டால் என் வீட்டு மாடியில். யார் வந்தாலும் சரி, ஒருவருமே வராவிட்டாலும் சரி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லம்மா சொன்னதையே நீங்களும் சொன்னால், கேட்டுக்கொள்வேன்.

கடைசி நிகழ்ச்சி இரண்டு நிமிட மௌன அஞ்சலி. அறிவிக்கவேண்டியவள் நான். அறிவிக்கமாட்டேன். உங்கள் விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூன்றரை வருடம் மௌனமாக இருந்துவிட்டோம். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடப்பக்கத்தில் இருந்த பதினோரு பேரும் எழுந்திருங்கள். வாசல் பக்கத்து மேசையில் நோட்டுகளை அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டின்மேலும் உங்கள் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு, என்னிடம் கேட்கவேண்டியதைக் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.